லாஃபயெட் பக்கம் அக்டோபர்: பாட்டுக் கச்சேரியும் புயல் சீசனும் ஒன்றாக வருகிறதே, எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

காவிரிக்கரை:

வணக்கம். வேலை மாற்றலில் செப்டம்பர் கடைசியில் லூசியானாவின் லாஃபயெட்டுக்குக் குடிவருகிறோம். நான், மனைவி, ஊரிலிருந்து வந்து எங்களோடு இருக்கும் அம்மா. வாடகை அபார்ட்மென்ட், தரைத்தளம். விசாரித்தால் பாதிப் பேர் "இலையுதிர் காலத்தில் போகிறீர்களா, கொடுத்துவைத்தவர்கள், ஊரே ஆடிப் பாடும்" என்கிறார்கள், மீதிப் பேர் புயல் கதையாகச் சொல்லித் தூக்கத்தைக் கெடுக்கிறார்கள். 2015 டிசம்பரில் சைதாப்பேட்டையில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதைப் பார்த்தவர் அம்மா, அதனால் அவருக்கு இது சின்ன விஷயமில்லை. அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்: குடும்பத்தோடு போகிற மாதிரி என்ன நடக்கும்? வந்த முதல் வாரத்திலேயே புயலுக்கு என்ன செய்துவைக்க வேண்டும்?

பையூவாசி:

நல்வரவு. முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், புயலை ரேணு அக்கா பார்த்துக்கொள்வார், அவர் கடலோரத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்.

அக்டோபரில் எதை விட்டாலும் ஃபெஸ்டிவல்ஸ் அகேடியன்ஸ் எ க்ரியோல் என்ற இசைத் திருவிழாவை விடாதீர்கள். பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஜிரார்ட் பார்க்கில், வெள்ளி முதல் ஞாயிறு வரை, மரத்தடியில், அனுமதி இலவசம். இதன் தொடக்கம் 1974 மார்ச் 26, பிளாக்கம் கொலிசியம் என்ற அரங்கில் நடந்த ஒரே ஒரு கச்சேரி. அதற்கு முன் பள்ளியில் பிரெஞ்சு பேசினால் தண்டனை வாங்கிய ஒரு தலைமுறை இங்கே இருந்தது, வீட்டு விருந்திலும் நடனக் கூடத்திலும் மட்டும் வாசித்துக்கொண்டிருந்த கேஜன் பாட்டை (கேஜன்கள் என்றால் கனடாப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய பிரெஞ்சுக்காரர்களின் வழிவந்தவர்கள்) மேடையேற்றி, உட்கார்ந்து கேட்க வைத்தது அந்த இரவுதான். இன்று அதே பாட்டை இருபது வயதுப் பிள்ளைகள் பிரெஞ்சிலேயே எழுதிப் பாடுகிறார்கள், எனக்கு அது ஒவ்வொரு வருடமும் கண்ணில் நீர் வரவைக்கிற விஷயம்.

ஆனால் திருவிழா மட்டும்தான் இந்த ஊர் என்று நினைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை மாலைகளில் டவுன்டவுனில் 'டவுன்டவுன் அலைவ்' என்று இலவசக் கச்சேரி, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் இரண்டு சீசன். சனிக்கிழமை காலை முக்கால் மணி நேரம் காரோட்டி யூனிஸ் போனால், அக்கார்டியன் செய்யும் மார்க் சவோயின் கடையில் ஊர்ப் பெரியவர்களும் பிள்ளைகளும் வட்டமாக உட்கார்ந்து ஃபிடில், அக்கார்டியன், இரும்பு முக்கோணம் வாசிப்பதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கலாம். ஓபலூசஸ் பக்கம் ஸைடெக்கோ. அது கறுப்பின க்ரியோல் மக்களின் பாட்டு, மார்பில் மாட்டிய தகரப் பலகையைச் சுரண்டித் தாளம் போடுவார்கள், க்ளிஃப்டன் ஷெனியர் அந்த மண்ணில் பிறந்தவர். தயவுசெய்து கேஜனையும் ஸைடெக்கோவையும் ஒன்றாக்கிப் பேசாதீர்கள். இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று நிறைய வாங்கியவைதான், ஆனாலும் வேறு வேறு சமூகங்களின் சொத்து.

சாப்பாடு: குளிர்காற்று முதல்முறை இறங்கிய அன்று பாதி வீட்டு அடுப்பில் கம்போ இருக்கும். மாவை எண்ணெயில் பொறுமையாகச் சாக்லேட் நிறம் வரும்வரை வறுத்து, வெங்காயம், செலரி, குடமிளகாய் போட்டு, கோழியும் தொத்திறைச்சியும் சேர்த்துச் சோற்றின் மேல் ஊற்றுவார்கள். நியூ ஐபீரியாவில் அக்டோபரில் கம்போவுக்கென்றே போட்டி உண்டு. பக்கத்திலிருக்கும் க்ரௌலி நெல் விளையும் ஊர், அங்கே 1937-ல் தொடங்கிய அரிசித் திருவிழாவும் அதே மாதம். நீங்கள் சைவம் என்றால் கேட்டு வாங்குங்கள், காய்கறி என்று சொல்லித் தருவதில்கூடப் பன்றி இறைச்சித் துண்டு கிடக்கும்.

ரேணு:

தம்பி, அம்மாவிடம் சொல்லுங்கள், லாஃபயெட் கடற்கரை ஊர் இல்லை, கடல் அலை வீட்டு வாசலுக்கு வராது. மழையும் காற்றும் மின்வெட்டும்தான் உங்கள் கவலை.

புயல் சீசன் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அக்டோபர் வந்தால் முடிந்தது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2020-ல் ஆகஸ்ட் 27 அன்று லாரா புயல் கேமரன் என்ற கடலோர ஊரில் கரை கடந்தது, கூரைகளில் நீலத் தார்ப்பாய் இன்னும் எடுக்கவில்லை, அக்டோபர் 9-ல் டெல்டா என்ற புயல் கிட்டத்தட்ட அதே இடத்தில் வந்து இறங்கியது. 2002-ல் லிலி வந்ததும் அக்டோபரில்தான்.

அப்புறம் டிவியில் காட்டும் வெள்ளைக் கூம்பு. அது புயலின் மையம் எந்த வழியில் போகக்கூடும் என்று மட்டும் சொல்கிறது. பாதிப்பு எங்கே வரும் என்று சொல்வதில்லை. 2005-ல் ரீட்டா புயல் டெக்சாஸ் எல்லையோரம் கரை கடந்தது, அங்கிருந்து நூறு மைல் போலக் கிழக்கே இருக்கும் டெல்கம், ஈராத் ஊர்களில் கடல்நீர் வீடுகளுக்குள் புகுந்தது. நம் ஊர் போலத் துறைமுகத்தில் கூண்டு எண் ஏற்றும் வழக்கம் இங்கில்லை. 'வாட்ச்' என்றால் புயல் காற்று தொடங்கலாம் என்று ஏறக்குறைய 48 மணி நேரம் முன்பே சொல்வது, 'வார்னிங்' என்றால் 36 மணி நேரம் முன்பு. கிளம்புவதென்றால் வாட்ச் வந்ததுமே முடிவு செய்யுங்கள், வார்னிங் வந்த பிறகு பெட்ரோல் பங்கில் நிற்க வேண்டியிருக்கும். வடக்கே ஐ-49 நெடுஞ்சாலையில் அலெக்ஸாண்ட்ரியா, ஷ்ரீவ்போர்ட் பக்கம் போவது எனக்குப் பிடித்த வழி. கிழக்கே ஐ-10-ல் அச்சாஃபலாயா சதுப்புநிலத்தின் மேல் 18 மைல் பாலம், நடுவில் ஒரு விபத்து நடந்தால் திரும்ப வழியில்லை.

முதல் வாரத்தில் ஒரே ஒரு வேலை செய்ய முடியும் என்றால் அது வெள்ளக் காப்பீடு. சாதாரண வாடகைதாரர் பாலிசி வெள்ளத்துக்குப் பணம் தராது. தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் வீட்டுச் சாமான்களுக்கு மட்டும் வாடகைதாரரும் எடுக்கலாம், ஆனால் எடுத்து 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். புயல் கடலில் உருவான பிறகு ஓடிப் பயனில்லை. பெயர் வைத்த புயல்தான் வெள்ளம் கொண்டுவரும் என்றும் நினைக்க வேண்டாம். 2016 ஆகஸ்டில் பெயரே இல்லாத ஒரு மழை, சில இடங்களில் சில நாட்களுக்குள் 20 அங்குலத்துக்கு மேல் கொட்டியது, மூழ்கிய பல வீடுகளுக்குக் காப்பீடு கிடையாது. சொந்தப் படகை டிரெய்லரில் கட்டிக்கொண்டு வந்து அடுத்தவரைக் கூரையிலிருந்து இறக்கியவர்களை அப்போதுதான் பார்த்தேன், கேஜன் நேவி என்று சொல்வார்கள். அவர்களில் பலர் பையூவாசி சொல்லும் அந்த நடனக் கூட்டத்தில் ஆடுகிறவர்கள்தான்.

காவிரிக்கரை:

இருவருக்கும் நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. இன்னொன்று: அம்மா இன்சுலின் போடுகிறார். கரண்ட் நாள்கணக்கில் போனால்? ஜெனரேட்டர் வாங்கவா?

ரேணு:

இது முக்கியமான கேள்வி. பயன்படுத்தத் தொடங்கிய இன்சுலின் பெரும்பாலும் அறை வெப்பத்தில் 28 நாள் வரை தாங்கும், ஆனால் 30 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும். செப்டம்பரில் ஏசி இல்லாத லாஃபயெட் வீடு அதைத் தாண்டிவிடும். ஐஸ் பெட்டி வைத்துக்கொள்ளுங்கள், மருந்தை ஐஸ்கட்டி மேல் நேராக வைக்காமல் துணியில் சுற்றி வையுங்கள், உறைந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். அவர் எடுக்கும் வகைக்கு எத்தனை நாள் என்று மருந்துக்கடையில் கேட்டு எழுதி வையுங்கள். மருந்துச் சீட்டின் நகல் பையிலேயே இருக்கட்டும்.

அபார்ட்மென்டுக்கு ஜெனரேட்டர் வேண்டாம். வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, வெளியே வைத்துத்தான் ஓட்ட வேண்டும், பால்கனியிலோ கராஜிலோ ஓட்டவே கூடாது. லாராவுக்குப் பிறகு லூசியானாவில் நடந்த இறப்புகளில் பெரும் பங்கு அந்தப் புகையால் வந்தது, ஒரே குடும்பத்தில் பலர் போனார்கள். அம்மாவை வைத்துக்கொண்டு நானாக இருந்தால் வாட்ச் வந்த அன்றே அலெக்ஸாண்ட்ரியாவுக்கு வடக்கே ஹோட்டல் போட்டுவிடுவேன். பணத்தைத் திரும்பக் கொடுக்கும் அறையாகப் பாருங்கள்.

பையூவாசி:

ரேணு அக்கா சொன்னதோடு ஒன்று: பக்கத்து வீட்டுக்காரரின் போன் நம்பரை வந்த முதல் நாளே வாங்குங்கள். தயங்க வேண்டாம், இங்கே அவர்களே ஒரு கிண்ணம் கம்போவோடு வந்து கதவைத் தட்டக்கூடும். எந்தத் தெருவில் எவ்வளவு மழைக்குத் தண்ணீர் நிற்கும், காரை எங்கே மேட்டில் நிறுத்தலாம் என்பதெல்லாம் எந்த வரைபடத்தையும்விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கரும்பு அறுவடை தொடங்கியிருக்கும், நியூ ஐபீரியா பக்கம் லாரிகள் சிந்திய சேற்றில் சாலை வழுக்கும், மெதுவாகப் போங்கள். ஜிரார்ட் பார்க்குக்கு மடக்கு நாற்காலி எடுத்து வாருங்கள், அம்மாவுக்கு நிழலில் இடம் பிடித்துத் தருகிறேன்.