புதுப்பிப்பு: குழாய்த் தண்ணீர் ஃபில்டர், கேட்ரிட்ஜ் மாற்றிய பிறகு வரும் சிக்கல்கள்

டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) அளந்த பிறகே ஆர்ஓ (மெல்லிய சவ்வால் உப்பை நீக்கும் ஃபில்டர்) வாங்குவதா என்று முடிவு செய்யுங்கள் என்பதே முந்தைய இழையின் சாரம். டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் உப்பைக் குறைக்க ஆர்ஓ தேவையில்லை. மண், தூசியைப் பிடிக்கும் 5 மைக்ரான் செடிமென்ட் கேட்ரிட்ஜ், குளோரினை எடுக்கும் கார்பன் கேட்ரிட்ஜ், கிருமியைக் கொல்லும் யுவி (புற ஊதா) விளக்கு போதும். சென்னையில் மெட்ரோ வாட்டரும் போர் தண்ணீரும் ஒரே சம்ப்பில் கலக்கும் வீடுகள் நிறைய. அங்கே கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை அளங்கள். டிடிஎஸ் மீட்டர் கிருமியைக் காட்டாது என்பதையும் மறக்க வேண்டாம்.

பலர் கேட்டது, புதுக் கார்பன் போட்டதும் வரும் கறுப்புத் தண்ணீர் பற்றி. அது கரித்தூள். முதல் 10 லிட்டரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள். ஆர்ஓ உள்ள வீட்டில் இதை மெம்பரேனுக்கு (உப்பைப் பிரிக்கும் சவ்வு) போகும் டியூபைக் கழற்றிவிட்டே செய்ய வேண்டும், இல்லையென்றால் தூள் மெம்பரேனை அடைத்துவிடும். கார்பன் தீர்ந்தபின் மாற்றாமல் விட்டாலும் ஆபத்து மெம்பரேனுக்குத்தான்: குளோரின் அதை அரித்து, டிடிஎஸ் மெல்ல ஏறும்.

ஹவுசிங் (கேட்ரிட்ஜ் இருக்கும் பிளாஸ்டிக் கூடு) கசிந்தால் ஸ்பேனரால் இறுக்காதீர்கள், பிளாஸ்டிக் வெடிக்கும். ஓ-ரிங்கை (அதன் வாயில் உள்ள ரப்பர் வளையம்) கழற்றித் துடைத்து, உணவுத்தர சிலிக்கான் கிரீஸ் தடவிக் கையால் இறுக்குங்கள். வாசலின் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும்.

இன்னொன்று முக்கியம். கார்பன் குளோரினை எடுத்துவிடுவதால், வடிகட்டிய தண்ணீரில் கிருமி மறுபடி வளரலாம். மூடிய பாத்திரத்தில் பிடித்து அன்றே குடித்துவிடுங்கள். ஊருக்குப் போய்வந்தால் ஃபில்டர் டேங்கில் நின்ற தண்ணீரை வடித்துவிடுங்கள்.