இங்கிலீஷா, லிட்ரேச்சரா? இயர் 10 மகளுக்குப் பாடம் எடுக்க யோசனை வேண்டும் (மெல்பர்ன்)

பாயிண்ட்குக்_அம்மா

எல்லோருக்கும் வணக்கம். மகள் இப்போது இயர் 10. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பதினொன்றாம் வகுப்புக்கான வி.சி.இ. (இங்கே விக்டோரியாவில் 11, 12-ஆம் வகுப்புச் சான்றிதழ்) பாடங்களைப் பள்ளியில் பதிவு செய்ய வேண்டும். கெமிஸ்ட்ரி, பயாலஜி, மேத்தட்ஸ், சனிக்கிழமைகளில் விக்டோரியன் ஸ்கூல் ஆஃப் லாங்குவேஜஸில் தமிழ், இதில் எல்லாம் வீட்டில் பேச்சே இல்லை. இங்கிலீஷ் எடுக்க வேண்டிய இடத்தில்தான் இரண்டு வாரமாக இழுபறி. அவளுக்கு லிட்ரேச்சர் வேண்டும், அவள் அப்பா "எல்லோரும் எடுக்கிற இங்கிலீஷையே எடு, பயோமெடிக்கல் போகிற பிள்ளைக்குக் கவிதை எதற்கு" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இங்கிலீஷுக்கு டியூஷன், பழைய வினாத்தாள், அண்ணன்மார் அக்காமார் கொடுக்கும் நோட்ஸ் என்று எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கின்றன.

ஆனால் போன மாதம் ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். இரவு தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். வகுப்பில் கொடுத்த ஒரு கவிதையின் நகலை எடுத்துவந்து அடுப்பு மேடையில் வைத்தாள், முழுக்கப் பென்சில் வட்டங்கள். முதல் பத்தியில் 'அ டோர்' என்று வருகிறதாம், கடைசிப் பத்தியில் அதே கதவு 'த டோர்' ஆகிவிடுகிறதாம். "ஏதோ ஒரு கதவாக இருந்தது இப்போது அவளுக்குத் தெரிந்த கதவு ஆயிடுச்சும்மா, அந்த ஒரு சொல்லிலேயே அவள் வீட்டுக்கு வந்துட்டா" என்று இருபது நிமிடம் பேசினாள். தோசை கருகியதுதான் மிச்சம். தமிழில் அப்படி ஒரு சின்னச் சொல்லே கிடையாதே, இத்தனை வருடம் இங்கிலீஷ் படித்தும் நான் இப்படி யோசித்ததில்லையே என்று அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

என் கேள்விகள்: லிட்ரேச்சர் மட்டும் எடுத்தால் யுனிவர்சிட்டியில் இங்கிலீஷ் படித்ததாக ஒத்துக்கொள்வார்களா? லிட்ரேச்சருக்கு ஸ்கேலிங் (பாடத்துக்கேற்ப மதிப்பெண்ணை ஏற்றி இறக்குவது) ஏறும் என்கிறார்களே, உண்மையா? இரண்டையும் எடுக்கலாமா? அப்புறம், நாங்கள் வந்து ஐந்து வருடம்தான் ஆகிறது, அவளை இ.ஏ.எல். (இங்கிலீஷ் தாய்மொழி அல்லாத பிள்ளைகளுக்கான இங்கிலீஷ்) பிரிவில் போட முடியுமா என்று ஒரு தோழி கேட்கச் சொன்னார்.

சாக்பீஸ்

வணக்கம் சகோதரி. மேற்குப் பக்கம் ஒரு பள்ளியில் இந்த இரண்டு பாடங்களையும் நடத்துகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுவோம். இங்கிலீஷ், இ.ஏ.எல்., இங்கிலீஷ் லாங்குவேஜ், லிட்ரேச்சர் நான்கும் ஒரே குழு. வி.சி.இ. முடிக்க அந்தக் குழுவில் குறைந்தது மூன்று யூனிட் (1, 2 பதினொன்றில், 3, 4 பன்னிரண்டில்), அதில் 3, 4 இரண்டும் கட்டாயம். ஏட்டார் (யுனிவர்சிட்டி சேர்க்கைக்கான தரவரிசை எண்) கணக்கில் முதல் நான்கு பாடங்களில் ஒன்று இந்தக் குழுவிலிருந்து வந்தே ஆக வேண்டும். லிட்ரேச்சர் அந்த இடத்தை முழுமையாக நிரப்பும். பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் "இ.ஏ.எல். என்றால் இத்தனை, மற்ற எந்த இங்கிலீஷ் என்றாலும் இத்தனை" என்றுதான் தகுதி மதிப்பெண் கேட்கும், அந்த 'மற்ற' என்பதில் லிட்ரேச்சரும் அடக்கம். அவள் குறிவைத்திருக்கும் படிப்புக்கு என்ன கேட்கிறார்கள் என்பதை மட்டும் விட்டாக் (யுனிவர்சிட்டி விண்ணப்பங்களைக் கவனிக்கும் அமைப்பு) தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இ.ஏ.எல். கிடைக்காது என்றே நினைக்கிறேன். அங்கே இரண்டு நிபந்தனை. ஆஸ்திரேலியாவுக்கு வந்து ஏழு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, அதோடு இங்கிலீஷ் வழியில் படித்த காலமும் மொத்தம் ஏழு வருடத்தைத் தாண்டியிருக்கக் கூடாது. ஊரில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்த வருடங்களும் இந்தக் கணக்கில் வரும். நம் பிள்ளைகள் பெரும்பாலும் இந்த இரண்டாவதில்தான் அடிபடுகிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலீஷ் தேர்வு மூன்று மணி நேரம், மூன்று பகுதி. படித்த நூலைப் பற்றி ஒரு கட்டுரை, கொடுத்த தலைப்பையும் தூண்டுதலையும் வைத்துச் சொந்தமாக ஓர் ஆக்கம் (2024 முதல் வந்தது இது), அப்புறம் முன்பின் பார்த்திராத ஒரு பேச்சையோ பத்திரிகைக் கட்டுரையையோ கொடுத்து அவர் நம்மை எப்படி வசப்படுத்தப் பார்க்கிறார் என்று அலசச் சொல்வார்கள். லிட்ரேச்சர் இரண்டு மணி நேரம்தான், இரண்டே கட்டுரை, இரண்டும் வேறு வேறு நூல். ஆனால் ஆழம் வேறு. படித்த நூலிலிருந்து சில பகுதிகளைத் தாளிலேயே அச்சிட்டுக் கொடுப்பார்கள், அந்த வரிகளில் சொல் சொல்லாக இறங்கி, அங்கிருந்து முழு நூலையும் காட்ட வேண்டும்.

தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன். பள்ளியில் "இலக்கிய நயம் பாராட்டுக" என்று ஒரு கேள்வி வருமே, எதுகை, மோனை, அணி, கற்பனை என்று தலைப்புப் போட்டு நிரப்புவோம். லிட்ரேச்சரின் க்ளோஸ் அனாலிசிஸ் அந்தக் குடும்பம்தான், ஆனால் தலைப்புப் போட்டு நிரப்பினால் மார்க் கிடையாது. மோனை இருக்கிறது என்று காட்டினால் போதாது, அந்த மோனை இந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டும். உங்கள் மகள் அந்த 'த டோர்' பற்றிச் சொன்னாளே, அது அச்சு அசலாக அந்த வேலைதான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் தோசை மேடையில் நின்று ஒரு பிள்ளை அதைச் செய்கிறது என்றால் நான் அவளை என் வகுப்பில் வைத்துக்கொள்ள ஆசைப்படுவேன்.

ஸ்கேலிங்கை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள். கடினமான பாடம் என்பதற்காகக் கொடுக்கும் சலுகை இல்லை அது. அந்தப் பாடத்தை எடுத்த பிள்ளைகள் தங்கள் மற்ற பாடங்களில் எப்படி வாங்குகிறார்கள் என்று பார்த்துச் செய்யும் கணக்கு. இங்கிலீஷை வருடத்துக்கு 40,000 பேருக்கு மேல் எழுதுகிறார்கள், எல்லா வகைப் பிள்ளைகளும் உண்டு, அதனால் நடுவில் இருக்கும் 30 (50-க்கு) ஒன்றிரண்டு இறங்கும். லிட்ரேச்சரை எழுதுவது சில ஆயிரம் பேர், அவர்களில் நிறையப் பேர் படிப்பில் கெட்டி, அதனால் சிறிது ஏறும். ஆனால் அதே காரணத்தால்தான் அங்கே 35 வாங்குவதும் சிரமம்.

இடையில்_மாறியவன்

நான் இப்போது பார்மசி இரண்டாம் வருடம். ஆன்ட்டி, என் கதையையும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் லிட்ரேச்சர் எடுத்ததற்கு இரண்டே காரணம், என் நண்பர்கள் எடுத்தார்கள், ஸ்கேலிங் ஏறும் என்று டியூஷனில் யாரோ சொன்னார்கள். கதை படிக்கப் பிடிக்கும், அது போதும் என்று நினைத்தேன். போதவில்லை. நான் அடுத்து என்ன நடக்கும் என்று வேகமாகப் படிக்கிறவன், ஒரே பக்கத்துக்கு நான்காவது முறை திரும்பி வரச் சொன்னால் எனக்கு மூச்சு முட்டும். நாடகம் எப்படியோ ஓடியது, கவிதை வந்ததும் நின்றுவிட்டேன். இயர் 11 கடைசியில் எழுதிய கட்டுரை ஒன்று, பக்கம் முழுக்கக் கதைச் சுருக்கம், ஓரத்தில் டீச்சர் "சரி, ஆனால் எப்படி?" என்று ஆறு இடத்தில் எழுதியிருந்தார்.

பன்னிரண்டில் இங்கிலீஷுக்கு மாறினேன். மாறுவதற்கு எந்தத் தடையும் இல்லை, யூனிட் 1, 2 மார்க் ஏட்டாருக்குப் போகாது, இங்கிலீஷ் யூனிட் 3-இல் நேரடியாகச் சேரலாம். அந்த ஆர்க்யுமெண்ட் அனாலிசிஸ் எனக்கு நன்றாக வந்தது, இவர் ஏன் இந்த இடத்தில் புள்ளிவிவரம் போடுகிறார், ஏன் திடீரென்று தன் அம்மாவைப் பற்றிப் பேசுகிறார் என்று பிரித்துப் பார்ப்பது கெமிஸ்ட்ரி மாதிரியே இருந்தது. இங்கிலீஷ் சும்மா பொதுவான பாடம், லிட்ரேச்சர் புத்திசாலிகளுக்கு என்று சிலர் பேசுவார்கள், அது தப்பு. இரண்டும் வேறு வேறு வேலை.

அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பிடித்த பக்கத்தை முடித்ததும் அடுத்த பக்கம் போகத் தோன்றுகிறதா, இல்லை அதே பக்கத்தின் மேலே திரும்பிப் போகத் தோன்றுகிறதா?

டண்டினோங்_அப்பா

பிள்ளைக்கு வாழ்த்துகள் தங்கச்சி. இரண்டும் எடுக்கலாமோ என்று கேட்டீர்கள்தானே, என்ர மூத்தவள் எடுத்தவள். எடுக்கலாம், இரண்டும் முதல் நான்கு பாடங்களுக்குள் கணக்கிலும் வரும். ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும் என்று நாங்கள் நினைத்தோம். ஆனால் வேலை என்னவோ இரண்டு மடங்குதான். லிட்ரேச்சருக்கு மட்டும் 3, 4 யூனிட்டுக்கு ஐந்து நூல், அதில் கவிதை, நாடகம், நாவல் எல்லாம் இருக்கு. அதுக்கு மேல் இங்கிலீஷ் நூல்களும். ஒக்டோபர் மாதம் மகள் மேசையில் இரண்டு கோபுரமாகப் புத்தகம் அடுக்கி வைத்திருந்தவள், கெமிஸ்ட்ரி புத்தகம் தரையில் கிடந்தது. கெமிஸ்ட்ரி மார்க்கும் அப்படியே வந்தது. பயோமெடிக்கல் போக விரும்புகிற பிள்ளைக்கு நான் அதைச் சொல்ல மாட்டன். ஒன்று போதும்.

இன்னொன்றும் இருக்கு, இதை ஆரும் முதலில் எங்களுக்குச் சொல்லவில்லை. மகளின் லிட்ரேச்சர் வகுப்பில் ஒன்பது பேர்தான். பள்ளியில் எழுதுகிற சாக் மதிப்பெண் பாதி, கடைசித் தேர்வு பாதி. ஆனால் அந்தச் சாக் மதிப்பெண் அப்படியே போகாது, வகுப்பு தேர்வில் எப்படிச் செய்ததோ அதற்கேற்ப மாற்றுவினம். அதால் வகுப்பில் எத்தனையாவது என்பது முக்கியம், கூட இருக்கிற பிள்ளைகள் தேர்வில் நன்றாகச் செய்வதும் முக்கியம். சின்ன வகுப்பில் இது நல்லாவே தெரியும். என்ர மகளின் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேரும் நூலகத்தில் ஒன்றாக இருந்து ஒருவர் கட்டுரையை மற்றவர் வாசித்துத் திருத்தினவை, அது அவளுக்குப் பெரிய உதவி. உங்கள் பள்ளியில் எத்தனை பேர் சேருகிறார்கள், ஆர் படிப்பிக்கிறார், எத்தனை வருடமாய் அந்தப் பாடம் நடக்குது என்று கட்டாயம் கேளுங்கோ. சில இடங்களில் பெயர் போதாவிட்டால் வகுப்பையே நடத்த மாட்டினம், பிறகு கடைசி நேரத்தில் பிள்ளை அந்தரப்படும்.

சொல்லாராய்ச்சி

இங்கிலீஷ் லாங்குவேஜ் பற்றி யாரும் பேசவில்லையே? 'அ', 'த' வித்தியாசத்தைப் பிடிக்கிற பிள்ளை என்றால் அதுவும் ஒரு வழி. இலக்கணம், ஒலி, யார் யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதுதான் அந்தப் பாடம். வீட்டில் தமிழும் பள்ளியில் இங்கிலீஷும் மாற்றி மாற்றிப் பேசி வளர்ந்த பிள்ளைக்கு அதில் நிறையச் சொந்த அனுபவம் இருக்கும். எல்லாப் பள்ளியிலும் கிடையாது, கேட்டுப் பாருங்கள்.

பாயிண்ட்குக்_அம்மா

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. இங்கிலீஷ் லாங்குவேஜ் எங்கள் பள்ளியில் இல்லை. லிட்ரேச்சரில் இதுவரை பதினான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்களாம், நடத்துகிற டீச்சர் பல வருடமாக அதே பாடம் எடுக்கிறவராம்.

நேற்று அவளிடம் அந்தத் தம்பி சொன்ன கேள்வியைக் கேட்டேன். பதில் சொல்லாமல் உள்ளே போய், ஏற்கெனவே முடித்துவிட்ட ஒரு சிறுகதையை எடுத்துவந்து காட்டினாள், முதல் பக்கத்தில் மூன்று வண்ணப் பென்சிலில் குறிப்பு, ஒவ்வொரு முறை படித்ததற்கும் ஒரு வண்ணமாம். அவள் அப்பா அந்தப் பக்கத்தை வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இயர் 11-இல் லிட்ரேச்சர், ஜூன் மாத ரிப்போர்ட் வந்ததும் மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவது, சரிவரவில்லை என்றால் பன்னிரண்டில் இங்கிலீஷுக்கு மாறுவது என்று பேசி முடித்திருக்கிறோம். ஃபார்மில் அவரேதான் கையெழுத்துப் போட்டார்.

சாக்பீஸ் மேடம், டிசம்பர் லீவில் என்ன செய்யச் சொல்லட்டும்?

சாக்பீஸ்

பள்ளியில் நூல் பட்டியல் கொடுத்ததும் வாங்கிவிடுங்கள், பழைய புத்தகமாக இருந்தாலும் சரி, ஆனால் ஓரத்தில் வேறு யாரோ எழுதிய குறிப்பு இல்லாததாகப் பாருங்கள். லீவில் எல்லாவற்றையும் ஒருமுறை படிக்கட்டும், குறிப்பு எதுவும் எடுக்க வேண்டாம், சும்மா படிக்கட்டும். நாடகத்தை மட்டும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், எதிரில் இன்னொருவர் வேண்டும், அவள் அப்பாவுக்கு ஒரு பாத்திரம் கொடுங்கள். கைடு புத்தகம் மட்டும் இப்போது வாங்காதீர்கள். அதைப் படித்துவிட்டால் அவளுக்கு அந்தக் கதவு தானாகக் கண்ணில் படாது.