29 இன்ச் எம்.டி.பி.க்கு (மலைப்பாதை சைக்கிள்) லேசான ரேஸ் வீல்: பின் சக்கர ஸ்போக் உடையாமல் எடை குறைப்பது எப்படி?

மேட்டுப்பாதை:
வணக்கம் நண்பர்களே. என்னுடையது அலுமினிய ஹார்ட்டெயில் (பின்னால் சஸ்பென்ஷன் இல்லாதது), 29 இன்ச். முன் ஆக்சில் 15×110, பின் ஆக்சில் 12×148, டிஸ்க் பிரேக் 6 போல்ட், கியர் ஷிமானோ 12 ஸ்பீடு. என் எடை 78 கிலோ, சைக்கிள் 12 கிலோ. கம்பெனியில் வந்த வீல் ஜோடி டயர் இல்லாமல் 2150 கிராம். 2.25 டயருக்குள் டியூப் போட்டு ஓட்டுகிறேன்.

கிராஸ் கன்ட்ரி, மாரத்தான் பந்தயங்களுக்கும், ஹிமாச்சலின் எம்.டி.பி. ஹிமாலயா மாதிரி பல நாள் ஓட்டத்துக்கும் புது வீல் வேண்டும். இப்போதைய பின் சக்கரத்தில் ஸ்போக் அடுத்தடுத்து உடைகிறது. 1350 கிராம் கார்பன் ஜோடி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், 24 ஸ்போக். 78 கிலோவுக்கு அது தாங்குமா? இல்லை 1700 கிராம் அலுமினியமே போதுமா?

சக்கரம்கட்டி:
வீல் வாங்கும் முன் ஒன்று சொல்லுங்கள். ஸ்போக் எந்த இடத்தில் உடைகிறது? ஹப்புக்குள் (சக்கரத்தின் நடு உருளை) வளையும் கழுத்திலா, நிப்பிள் (வெளி வளையமான ரிம்மில் ஸ்போக்கை இறுக்கும் சின்ன நட்டு) மரையிலா, நடுவிலா? செயின் பக்கமா, டிஸ்க் பக்கமா? நடுவில் உடைந்தால் கல்லோ குச்சியோ அடித்திருக்கும். மரையில் உடைந்தால் நிப்பிள் கோணலாக நிற்கிறது. கழுத்தில் உடைந்தால் கதை வேறு.

மேட்டுப்பாதை:
எல்லாமே கழுத்தில்தான் அண்ணா. டிஸ்க் பக்கம். கையால் அழுத்திப் பார்த்தால் அந்தப் பக்கத்தில் சில ஸ்போக் தளர்வாக இருக்கிறது, பக்கத்திலிருப்பது இறுக்கமாக இருக்கிறது.

சக்கரம்கட்டி:
அப்படியானால் உங்கள் எடை காரணமில்லை தம்பி. டென்ஷன், அதாவது ஸ்போக்கின் இறுக்கம், குறைவாக இருப்பதுதான் காரணம்.

சக்கரம் உருளும்போது தரையைத் தொடும் இடத்துக்கு மேலே உள்ள சில ஸ்போக் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தளர்ந்து திரும்ப இறுகும். ஆரம்ப இறுக்கம் போதுமான அளவு இருந்தால் அந்தத் தளர்வு பூஜ்யத்துக்குப் போகாது. இறுக்கம் குறைவென்றால் ஸ்போக் முழுவதும் தளர்ந்து கழுத்து ஆடும். கட்டுக்கம்பியை மாற்றி மாற்றி மடக்கினால் துண்டாவது போலத்தான். பின் சக்கரத்தில் வலப்பக்கத்தில் காசெட்டுக்கு (பல்சக்கர அடுக்கு) இடம் விட வேண்டியிருப்பதால் இடப்பக்க ஸ்போக், அதாவது டிஸ்க் பக்கம், எப்போதும் வலப்பக்கத்தைவிடத் தளர்வாகத்தான் நிற்கும். 60 முதல் 70 சதவீதம் சகஜம். வலப்பக்கமே 80 கிலோ இழுவிசையில் நின்றால் இடப்பக்கம் 50-க்கு இறங்கிவிடும். அங்கேதான் உடையும்.

அதனால் 24 ஸ்போக் கார்பனை இந்தப் பிரச்சினைக்கு மருந்தாக வாங்காதீர்கள். ஸ்போக் எண்ணிக்கை குறையக் குறைய ஒவ்வொன்றும் அதிகம் சுமக்கும். கட்டுவதில் குறை இருந்தால் இன்னும் சீக்கிரம் தெரியும்.

என் பரிந்துரை: முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பின் சக்கரம்தான் உங்கள் எடையில் பெரும்பங்கைச் சுமக்கிறது, பெடல் விசையும் அதற்குத்தான், கல்லில் மோதுவதும் அதுதான் அதிகம். முன்னதை லேசாக வையுங்கள், பின்னதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

முன்: 28 ஓட்டை, உள்ளகலம் 25 மி.மீ., 420 கிராம் அளவுள்ள அலுமினிய ரிம். 2.0-1.65-2.0 ஸ்போக் (இரு முனையிலும் 2.0, நடுவில் 1.65 மி.மீ. தடிமன்; சேப்பிம் டி-லைட் மாதிரி), அலுமினிய நிப்பிள்.

பின்: 32 ஓட்டை, 490 கிராம் அளவுள்ள ரிம். ஸ்போக் ஓட்டை நடுவிலிருந்து விலகியிருக்கும் ரிம் கிடைத்தால் அதையே எடுங்கள். இடப்பக்க டென்ஷன் கணிசமாக ஏறும். வலப்பக்கம் 2.0-1.8-2.0, இடப்பக்கம் 2.0-1.65-2.0. மெல்லிய ஸ்போக் அதே இறுக்கத்தில் அதிகம் நீளும், அதனால் சுமை விழும்போது முழுத் தளர்வுக்குப் போகாது. இடப்பக்கம் மெல்லியது போடுவது எடைக்காக மட்டுமில்லை. நிப்பிள் பித்தளை.

ஹப் இரண்டுக்கும் டிடி ஸ்விஸ் 350 அல்லது அதற்கு இணையானது, வளைந்த கழுத்து ஸ்போக்குக்கானது. நேர் ஸ்போக் வேண்டாம். பந்தயத்தின் நடுவில் ஒன்று உடைந்தால் ஊர்க் கடையில் கிடைக்காது.

கணக்கு: ஹப் 440, ரிம் 910, ஸ்போக் 330, நிப்பிள் 40. மொத்தம் 1720 கிராம் வாக்கில். இப்போதைய வீலைவிட 430 குறைவு.

ஒற்றைத்தடம்:
அண்ணா சொன்னதோடு ஒன்று: எடை குறைப்பதில் மிக மலிவானது டியூப்லெஸ். 29 இன்ச் சாதாரண டியூப் ஒன்றே 200 கிராம் வரும். அதை எடுத்துவிட்டு 90 மி.லி. சீலண்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்), வால்வு, ரிம் டேப் போட்டால் 110 கிராம். ஜோடிக்கு 180 கிராம் மிச்சம், அதுவும் விளிம்பில். டியூப் கடிபட்டு ஓட்டையாகிற தொல்லையும் போகும்.

1350-க்கும் 1720-க்கும் வித்தியாசம் 370 கிராம். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ, அதில் 0.4 சதவீதம். அரை மணி நேர ஏற்றத்தில் அதிகபட்சம் 7 வினாடி. விளிம்பில் உள்ள எடை முடுக்கும்போது ஏறக்குறைய இரட்டிப்பாக எண்ணப்படும் என்பது உண்மை. ஆனால் சீரான வேகத்தில் ஏறும்போது அது வெறும் எடைதான். ஒரு ஸ்போக் உடைந்து நின்றால் போவது நிமிடக் கணக்கு.

கரடுமுரடு:
கார்பனை அடியோடு ஒதுக்க வேண்டாம். 28 ஸ்போக், நல்ல உத்தரவாதம், 400 கிராம் அளவில் ரிம் என்றால் பந்தயத்துக்கு அருமையான பொருள். வளைவில் திசை மாறாமல் போகும். ஆனால் கல்லில் பட்டால் அலுமினியம் நெளியும், பிளையரால் நிமிர்த்திவிட்டு அன்றைய ஓட்டத்தை முடிக்கலாம். கார்பன் விரிசல் விட்டால் காற்று நிற்காது, அங்கேயே முடிந்தது. பல நாள் பந்தயத்துக்கு, மாற்று வீல் கையில் இல்லாதவருக்கு, அலுமினியம்தான் சரி.

மேட்டுப்பாதை:
மிக்க நன்றி. பழைய ஹப்பில் ரிம் மட்டும் மாற்றினால் என்ன? கட்டும்போது கடையில் என்னென்ன கேட்க வேண்டும்?

சக்கரம்கட்டி:
பழைய ஹப்பின் ஸ்போக் ஓட்டையைப் பாருங்கள். தளர்வாக ஓடியதில் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். நன்றாக இருந்தால் அதைப் பயிற்சி வீலாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் டிஸ்க் பக்க ஸ்போக் மொத்தத்தையும் மாற்ற வேண்டும். உடையாமல் நிற்பவையும் அதே அளவு களைத்திருக்கும்; ஒவ்வொன்றாக மாற்றினால் ஒவ்வொன்றாக உடையும்.

புது ஹப் வாங்கும்போது காசெட் ஏறும் ஃப்ரீஹப்பின் வகையைக் கவனியுங்கள். ஷிமானோ 12 ஸ்பீடு, காசெட்டின் மிகச் சிறிய பல்சக்கரத்தில் 10 பல் என்றால் மைக்ரோ ஸ்ப்லைன் வகை. ஸ்ராம் கம்பெனியில் 10 பல் என்றால் எக்ஸ்.டி. வகை. 11 பல்லில் தொடங்கும் 12 ஸ்பீடு காசெட்டுகளில் சில, பழைய எச்.ஜி. வகை ஃப்ரீஹப்பிலேயே ஏறும். பல் எண்ணாமல் ஆர்டர் போட வேண்டாம்.

கடையில் கேட்க வேண்டியவை: ரிம்மின் விட்டத்தை, நிப்பிளோடு இரண்டு ஸ்போக் மாட்டி, எதிரெதிரே நிஜமாக அளந்து ஸ்போக் நீளம் கணக்கிட்டார்களா? 2 மி.மீ. தவறினாலே மரை போதாமல் போகும், அல்லது ஸ்போக் முனை நிப்பிளைத் தாண்டி டேப்பைக் குத்தும். பின்னல் 3 கிராஸ் (ஒவ்வொரு ஸ்போக்கும் மற்ற மூன்றைக் குறுக்கே கடப்பது). முடிவில் டென்ஷன் மீட்டர் வைத்து, பின் வலம் 110 முதல் 120 கிலோ. ரிம் கம்பெனி சொன்ன உச்சத்தைத் தாண்டக் கூடாது. முன்னில் டிஸ்க் பக்கம்தான் அதிகம் இறுகும், அங்கே 100 முதல் 110. ஒரே பக்கத்து ஸ்போக்குகளுக்குள் ஏற்ற இறக்கம் 10 சதவீதத்துக்குள் வர வேண்டும். பக்கவாட்டுக் கோட்டம் எடுத்து நேராக ஓடுகிறது என்பது போதாது. இறுக்கம் தாறுமாறாக இருக்கும் சக்கரமும் ஸ்டாண்டில் நேராக ஓடும். உங்கள் பழைய வீலே சாட்சி.

கட்டியபின் இணையாக ஓடும் ஸ்போக்குகளை ஜோடி ஜோடியாகக் கையால் பலமாக அழுத்தச் சொல்லுங்கள். முறுக்கு விடும், கழுத்து ஹப்பில் பொருந்தும். பிறகு திரும்ப மீட்டர். முதல் 50 கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை.

ஒற்றைத்தடம்:
டேப் அகலம் ரிம் உள்ளகலத்தைவிட 3 முதல் 5 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும், 25-க்கு 29 அல்லது 30. ஸ்பிரிட் வைத்து ரிம்மைத் துடைத்து, டேப்பை இழுத்துப் பிடித்து ஒட்டுங்கள். காற்று: முன் 20, பின் 23 பி.எஸ்.ஐ.யில் தொடங்குங்கள். கல் அதிகமான தடத்தில் ரிம் இடிக்கும் சத்தம் கேட்டால் பின்னில் 2 ஏற்றுங்கள். அம்மோனியா கலந்த சீலண்ட் வேண்டாம், முன் சக்கரத்து அலுமினிய நிப்பிளை அது அரிக்கும்.