பவர்ஸ் அண்டு வில்கின்ஸ் ஹார்மன் கையில்: பழைய பிரிட்டிஷ் ஸ்பீக்கர் பெயர்களுக்கு இனி என்ன மதிப்பு?

தேக்குப்பெட்டி:
கணக்கை மட்டும் பாருங்கள். பவர்ஸ் அண்டு வில்கின்ஸ், டெனான், மராண்ட்ஸ், போல்க் என்ற ஒலிக்கருவிப் பெயர்கள் எல்லாவற்றையும் வைத்திருந்த சவுண்ட் யுனைடெட் நிறுவனத்தை 2022-இல் மாசிமோ வாங்கியது. விலை 100 கோடி டாலருக்குச் சற்று மேல். மாசிமோவின் தொழில் இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் மருத்துவக் கருவிகள்! மூன்று ஆண்டுகள் கழித்து, 2025-இல், சாம்சங்குக்குச் சொந்தமான ஹார்மனிடம் 35 கோடி டாலருக்குத் தள்ளிவிட்டார்கள். 1966-இல் இங்கிலாந்தின் வொர்திங்கில் ஜான் பவர்ஸ் தொடங்கியது, லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவு ஸ்டூடியோவில் அவர்களின் 801 ஸ்பீக்கர் நின்றது என்ற பெருமையெல்லாம் இப்போது விளம்பரத் தாளுக்கு மட்டும்தான். ஸ்பீக்கரில் பணம் போடுவதாக இருந்தால் 1974-க்கு முந்தைய டானாய் என்ற பிரிட்டிஷ் ஸ்பீக்கரில் போடுங்கள்.

அலைவரிசை:
35 கோடி என்பது கம்பெனியின் விலை, ஐயா. 801-இல் மேல் சுரத்தை ஒலிக்கும் ட்வீட்டருக்கு அந்தப் பேரம் தெரியாது. முதலாளி மாறினால் சரக்கு கெட்டுவிடும் என்பது பழைய புலம்பல். கெஃப் என்ற பிரிட்டிஷ் ஸ்பீக்கர் நிறுவனத்தை 1961-இல் ரேமண்ட் குக் தொடங்கினார்; 1992-இல் அது ஹாங்காங்கின் கோல்ட் பீக் கைக்குப் போனது. "தீர்ந்தது கெஃப்" என்று அன்றும் சொன்னார்கள். 2012-இல் கெஃப்பின் எல்எஸ்50 ஸ்பீக்கர் வந்தது. ஐம்பதாம் ஆண்டு நினைவாக வந்த அந்தச் சிறு பெட்டியை வைத்துத்தான் இன்றைக்கு ஒரு தலைமுறையே கெஃப் பெயரை அறிந்திருக்கிறது.

இன்னொன்று. நீங்கள் கொண்டாடும் டானாயும் ஹார்மன் கையில் இருந்ததுதான். 1974-இல் ஹார்மனிடம் விற்றார்கள், 1981-இல் அங்கிருந்த நிர்வாகிகளே திரும்ப வாங்கினார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் போன்ற பிரம்மாண்டப் பெட்டிகள் அதற்குப் பிறகு வந்தவையே.

தேக்குப்பெட்டி:
என் வாதத்தை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள், நன்றி. விற்ற அதே 1974-இல் வந்த டானாய் எச்பிடி மாடலுக்கும் 1967-இல் வந்த டானாய் மானிட்டர் கோல்டுக்கும் சந்தையில் ஒரே விலையா கிடைக்கிறது? கோல்டுக்கும், அதற்கு முந்தைய ரெட், சில்வர் மாடல்களுக்கும் ஜப்பான்காரர்கள் அள்ளிக் கொடுக்கிறார்கள்.

மின்காந்தன்:
இருவரும் முதலாளியைப் பற்றியே பேசுகிறீர்கள். பெட்டியைத் திறந்து பாருங்கள்.

கோல்டில் அதிர்ந்து ஒலி தரும் கூம்பைச் சுற்றி இருப்பது மடிப்புக் காகித விளிம்பு. எச்பிடியில் நுரை விளிம்பு. நுரை பதினைந்து இருபது ஆண்டுகளில் விரலில் மாவாக உதிரும். விளிம்பை மாற்றலாம், பெரிய செலவில்லை. ஆனால் எந்தத் தடிமனில், யார் ஒட்டினார்கள் என்பது தெரியாமல் வாங்குகிறவர் பயப்படுகிறார். அந்தப் பயமும் விலையைக் குறைக்கிறது.

காந்தத்துக்கும் இதே கதை. 1978-இல் ஜையரில் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) ஷாபா மாகாணத்தில் சண்டை மூண்டதும் கோபால்ட் விலை எகிறியது. ஸ்பீக்கருக்குள் இருந்த அல்னிகோ காந்தம் அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்தது. உலகம் முழுக்க ஸ்பீக்கர் செய்தவர்கள் கோபால்ட் தேவையில்லாத ஃபெரைட் காந்தத்துக்கு மாறினார்கள். பிறகு வந்த ரசிகர்கள் "கணக்கப்பிள்ளைகள் தரத்தைக் கெடுத்துவிட்டார்கள்" என்று எழுதினார்கள். கெடுத்தது ஆப்பிரிக்கச் சுரங்கம்! நன்றாக வடிவமைத்த ஃபெரைட் அமைப்பு குறைந்ததும் அல்ல.

எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கரைப் பாருங்கள். பிபிசி தன் ஒளிபரப்பு வேனுக்குள் வைக்கச் செய்த, முப்பது சென்டிமீட்டர் உயரப் பெட்டி. ரோஜர்ஸ், ஸ்பெண்டார், சார்ட்வெல் எனப் பலர் உரிமம் வாங்கிச் செய்தார்கள். உள்ளே இருந்தது எல்லோருக்கும் கெஃப் செய்த அதே பி110, அதே டி27 ஒலிப்பான்கள். ஆனாலும் பின்பக்கத்து பெயர்ப்பலகையைப் பார்த்து விலை ஏறி இறங்குகிறது. இதற்கு என்ன விளக்கம் சொல்வீர்கள், தேக்குப்பெட்டி?

தேக்குப்பெட்டி:
காது என்ற விளக்கம்.

மின்காந்தன்:
1994-இல் ஹார்மனின் ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் இதைச் சோதித்தார்கள். ஒரே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்தும், கண்ணுக்குத் தெரியும்படி வைத்தும் கேட்கச் செய்தார்கள். பார்த்துக்கொண்டு கேட்டபோது பெரிய, விலையுயர்ந்த பெட்டிகளின் மதிப்பெண் ஏறியது. மலிவான சிறு செட்டின் மதிப்பெண் இறங்கியது.

தேக்குப்பெட்டி:
அந்த ஆய்வே ஹார்மன் கூடத்தில், ஹார்மன் ஊழியர்களை வைத்து நடந்ததுதானே? விற்கிறவன் வீட்டுத் தராசு.

அலைவரிசை:
ஹார்மன் தன் ஆட்களே பெயரையும் உருவத்தையும் பார்த்து மயங்கினார்கள் என்று வெளியிட்டது. விற்கிறவனுக்கு அதில் என்ன லாபம்?

தேக்குப்பெட்டி:
திரைக்குப் பின்னால் உட்கார்ந்து யாரும் வீட்டில் பாட்டுக் கேட்பதில்லை. வால்நட் மரமும் நான் கொடுத்த பணத்தில் சேர்ந்ததுதான். அதை மறைத்து விட்டு "பெட்டி சமம்" என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பழையரசிகன்:
சண்டைக்கு நடுவே ஒரு கேள்வி. குவாட் நிறுவனத்தின் ஈஎஸ்எல்-57 (மின்னழுத்தத்தில் அதிரும் மெல்லிய பேனல்களால் ஒலிக்கும் ஸ்பீக்கர்) ஒரு ஜோடி கிடைக்கிறது. குவாட்டைத் தொடங்கிய பீட்டர் வாக்கர் காலத்துச் சரக்கு, "ஒரு கையே பட்டது", அதாவது ஒரே உரிமையாளர்தான் என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

மின்காந்தன்:
எத்தனை கை பட்டது என்பதை விடுங்கள். இதுவரை எந்த ஆம்ப்ளிஃபையர் ஓட்டினார் என்று கேளுங்கள். வலுவான ஆம்ப்ளிஃபையர் போட்டால் மேல் சுரத்துக்கான பேனலில் தீப்பொறி பறந்து துளை விழும். பேனல் மாற்றியிருந்தால் யார் செய்தார், ரசீது உண்டா என்று பாருங்கள். மின்சாரம் கொடுத்து இரண்டு மணி நேரமாவது விட்டுவைத்து, இரண்டு பக்கமும் ஒரே அளவு சத்தம் வருகிறதா என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

தேக்குப்பெட்டி:
இதில் மின்காந்தன் சொல்வதைக் கேளுங்கள். அறையில் சுவரோடு ஒட்டி வைத்துவிடாதீர்கள், பின்பக்கமும் ஒலி வரும்.