பதிவேட்டுக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு நோட்டு

இறுதியாண்டு புராஜெக்டில் தேவைப் பகுப்பாய்வை, அதாவது மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்று கண்டறியும் வேலையை, யார் எப்படிச் செய்தீர்கள் என்ற கேள்விக்கு எங்கள் அனுபவம்.

நாங்கள் நான்கு பேர். துறை ஆய்வகத்தில் மாணவர்களுக்குக் கருவிகளைக் கொடுத்துத் திரும்ப வாங்குவதைக் கவனிக்கும் மென்பொருள் எங்கள் தலைப்பு. முதல் வாரமே இருபது கேள்விகளுடன் ஒரு கூகுள் ஃபார்மைச் சுற்றுக்கு விட்டோம். 'இப்படி ஒரு மென்பொருள் வந்தால் பயன்படுமா?' என்று கேட்டால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? வந்த பதில்களில் ஏறக்குறைய எல்லாமே 'ஆம்'. அதை வட்ட வரைபடமாக்கி அறிக்கையில் சேர்த்தோம். துறைத் தலைவரிடம் அரை மணி நேரம் பேசினோம். பார்கோடு, மாதாந்திர அறிக்கை, திருப்பித் தராதவர்களுக்கு நினைவூட்டல் என்று மூன்றைச் சொன்னார். முந்தைய ஆண்டு மாணவர்களின் எஸ்.ஆர்.எஸ். (மென்பொருளின் தேவைகளைப் பட்டியலிடும் ஆவணம்) ஒன்றை வாங்கி, தலைப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே எங்கள் வாக்கியங்களை நிரப்பினோம். பத்தே நாளில் பகுப்பாய்வு முடிந்துவிட்டது என்று மனதார நம்பினேன்.

வழிகாட்டிப் பேராசிரியர் அதைப் புரட்டிவிட்டு ஒன்றுதான் கேட்டார். "கருவியை எடுத்துக் கொடுப்பவரிடம் பேசினீர்களா?"

பேசவில்லை. ஆய்வக உதவியாளர் என்று ஒருவர் இருப்பதே எங்கள் கணக்கில் இல்லை. மென்பொருளை நாள் முழுவதும் கையாளப் போகிறவர் அவர் ஒருவர்தான். இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

மறுநாள் போய், "எப்படிக் கொடுத்து வாங்குகிறீர்கள், அண்ணா?" என்று கேட்டேன். கையெழுத்து வாங்கிக் கொடுப்பேன், திரும்பி வந்ததும் இன்னொரு கையெழுத்து வாங்குவேன் என்றார். சுவரில் ஒட்டியிருந்த விதிமுறையும் அதைத்தான் சொன்னது. அத்தோடு கிளம்பியிருந்தால் எதுவும் தெரிந்திருக்காது. ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாமா என்று அனுமதி கேட்டு, இரண்டு மதியங்கள் அங்கேயே இருந்தேன்.

பெரிய பதிவேட்டுக்குப் பக்கத்தில், பென்சில் சொருகிய ஒரு சிறிய நோட்டு இருந்தது. ஒரு வகுப்பு முடிந்து அடுத்த வகுப்பு வாசலில் நிற்கும்போது ஆஸிலோஸ்கோப் (மின் அலைகளைத் திரையில் காட்டும் கருவி) எதுவும் அலமாரிக்குத் திரும்புவதில்லை, மேசையிலேயே இருக்கிறது. அவர் நோட்டில் பழைய குழுவின் எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதுகிறார். பதிவேட்டிலோ மாலை வரை முதல் குழுவின் கையெழுத்துதான். "பதிவேடு தணிக்கைக்கு, தம்பி. கருவி இந்த நிமிடம் யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டாமா? அதற்குத்தான் இந்த நோட்டு" என்றார்.

எங்கள் வடிவமைப்பில், ஒரு கருவி 'திரும்பியது' என்று பதிவாகாமல் அடுத்தவருக்குக் கொடுக்கவே முடியாது. பதினைந்து கருவிகளுக்கு முப்பது பதிவுகள். வகுப்புகளுக்கு இடையில் அவருக்குக் கிடைப்பதோ ஓரிரு நிமிடங்கள். முதல் நாளே கணினியை மூடிவிட்டு நோட்டைத் திறந்திருப்பார். அப்புறம் தரவுத்தளத்தில் இருப்பது ஒன்று, மேசையில் இருப்பது வேறொன்று என்று ஆகியிருக்கும்.

இன்னும் இரண்டு விஷயங்கள் அங்கேதான் கண்ணில் பட்டன. ஆஸிலோஸ்கோப்பில் மாட்டும் புரோப் கம்பிகள் ஐந்து கொடுத்தால் மூன்று இன்றும் இரண்டு நாளையும் வருகின்றன. சில மல்டிமீட்டர்கள் திரும்பி வருகின்றன, ஆனால் வேலை செய்வதில்லை. எங்கள் தரவுத்தள அட்டவணையில் இதற்கெல்லாம் இருந்தது ஒரே ஒரு நெடுவரிசை: 'திரும்பியதா? ஆம்/இல்லை'. கைமாற்றம், எண்ணிக்கை, கருவியின் நிலை ஆகிய மூன்றையும் சேர்த்துத் திரும்ப வரைந்தோம். துறைத் தலைவர் சொன்னது தவறில்லை; அவருக்கு அறிக்கைதான் தேவை. ஆனால் அந்த அறிக்கைக்குள் போகும் ஒவ்வொரு எண்ணும் பென்சில் நோட்டு இருந்த மேசையில்தான் பிறக்கிறது.

ஆவணத்தைத் திருத்தியபோது ஒவ்வொரு தேவைக்கும் ஓர் எண்ணும், அது எங்கிருந்து வந்தது என்ற குறிப்பும் போட்டோம். ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பின் 830 தரநிலையின் 1998 பதிப்பு நல்ல தேவை ஆவணத்துக்குச் சொல்லும் இயல்புகளில் மூலத்தைத் தேடிப் போக முடிவதும் ஒன்று. (2011 முதல் அதன் இடத்தில் 29148 என்ற தரநிலை இருக்கிறது, பல கல்லூரி மாதிரிகள் இன்னும் பழையதையே பின்பற்றுகின்றன.) வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளித் தேர்வாளர் கைமாற்றத்தைக் காட்டி, "இதை யார் கேட்டார்கள்?" என்றார். யாரும் கேட்கவில்லை, இரண்டாம் நாள் நேரில் பார்த்தோம் என்று அந்த வரியைக் காட்டினேன். அடுத்த பத்து நிமிடமும் அதைப் பற்றியே ஆர்வமாகப் பேசினார்.

*

நான் வேறொரு குழு. எங்களுக்கு ஒரே ஒரு சொல்லால் சிக்கல் வந்தது: 'வேகமாக'. சிறிய மருத்துவமனை ஒன்றின் வரவேற்புப் பகுதிக்கு டோக்கன் மென்பொருள் செய்தோம். வேகமாக இருக்க வேண்டும் என்றார்கள். பக்கம் ஒரு விநாடிக்குள் திறக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டோம்; ஒரு விநாடியைத் தாண்டினால் எண்ண ஓட்டம் தடைபடும் என்று பயன்பாட்டு வடிவமைப்பு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் சொன்ன வரம்பை மேற்கோள் காட்டி, அதைச் சோதித்தும் காட்டினோம். வரவேற்பாளர் முகத்தில் மலர்ச்சியே இல்லை. நேரில் பார்த்தபோது காரணம் புரிந்தது. அவருடைய ஒரு கை எப்போதும் தொலைபேசியில். மீதமுள்ள ஒரு கையால் ஆறு பெட்டிகளை நிரப்ப வேண்டியிருந்தது. பெயரும் கைபேசி எண்ணும் போதும், மற்றவற்றைப் பிறகு நிரப்பலாம் என்று மாற்றியதும் அவர் கேட்ட வேகம் கிடைத்துவிட்டது. அதன் பிறகு 'எளிதாக', 'வேகமாக' என்று யார் சொன்னாலும், "கடைசியாக எப்போது தாமதமானது? அன்று என்ன நடந்தது?" என்று கேட்காமல் நான் எழுதுவதில்லை.

*

முதலில் எழுதியவருக்கு நன்றி. ஆனால் பார்க்கப் பார்க்கத் தேவைகள் பெருகிக்கொண்டே போகும் என்பதையும் சொல்ல வேண்டும். எங்களிடம் ஒரு பருவம்தான் இருந்தது, பட்டியலில் நாற்பது தேவைகள். மென்பொருள் வல்லுநர் டை கிளெக் 1994இல் வகுத்த, தேவைகளை முக்கியத்துவப்படி வரிசைப்படுத்தும் மாஸ்கோ (MoSCoW) முறைப்படி கட்டாயம், முக்கியம், இருந்தால் நல்லது, இப்போது இல்லை என்று பிரிக்க உட்கார்ந்தோம். வாடிக்கையாளர் எல்லாவற்றையும் கட்டாயம் என்றார். அப்போது எங்கள் குழுவில் ஒருத்தி, "முதல் நாள் இது இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள், ஐயா?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டாள். 'கையால் எழுதிக்கொள்வேன்' என்று பதில் வந்தவை எல்லாம் கீழே இறங்கின. பதிலே வராதவை ஒன்பது. அந்த ஒன்பதைத்தான் கட்டினோம், ஒழுங்காகவும் கட்டினோம்.

*

இன்னொரு குழுவிலிருந்து ஒரு எச்சரிக்கை: அறிக்கையில் வைக்கப் பதிவேட்டைப் படம் எடுப்பவர்கள் கவனமாக இருங்கள். எங்கள் அறிக்கையின் பின்னிணைப்பில் வைத்த பக்கங்களில் உண்மையான மாணவர்களின் பெயர்களும் கைபேசி எண்களும் அப்படியே இருந்தன. அச்சடித்த பிறகுதான் கவனித்தோம். மூன்று பிரதிகளையும் பிரித்து மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று. வெற்றுப் பக்கத்தைப் படம் எடுத்து, கற்பனைப் பெயர்களை நீங்களே நிரப்புங்கள்.

*

முதலில் எழுதியவன் மீண்டும் வந்திருக்கிறேன். அந்த ஆய்வக உதவியாளர் இப்போது மென்பொருளைப் பயன்படுத்துகிறாரா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். போன மாதம் போயிருந்தேன். கைமாற்றத்தைக் கணினியில்தான் போடுகிறார். பென்சில் நோட்டும் இருக்கிறது. எந்தக் கருவியைப் பழுதுபார்க்க அனுப்பினார், எப்போது திரும்பி வரும் என்று அதில் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பக்கங்களைப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன். இந்த ஆண்டு அதே தலைப்பை எடுத்திருக்கும் மாணவர்களை அடுத்த வாரம் அவரிடம் அழைத்துப் போகிறேன்.