புதுப்பிப்பு: விரல் போன பிறகு வேலைக்குத் திரும்பியாயிற்று

மூன்று மாதத்துக்கு முன்னால் இங்கே கேட்டிருந்தேன்: கோவையில் பவர் பிரஸ்ஸில் (தகட்டை அழுத்தி வெட்டும் மெஷின்) ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போய்விட்டது, ஆறு வாரத்தில் அதே மெஷினுக்குத் திரும்ப முடியுமா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஆறு வாரம் பதினோரு வாரம் ஆனது. காயம் ஏழாவது வாரமே ஆறிவிட்டது. ஆனால் சட்டைப் பொத்தான் போடும்போது இல்லாத விரல்நுனி துடிக்கும். பக்கத்துத் தெருவில் பிரஸ் இறங்கும் சத்தம் கேட்டாலே கை தானாக மடங்கிக்கொள்ளும். இதை யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

பிசியோதெரபி அக்கா ஒருநாள், "எப்போ வேலைக்குப் போவோம்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று கேட்டார். அதுவரை எல்லோரும் டாக்டர் என்ன சொன்னார் என்றுதான் கேட்டார்கள். யோசித்துச் சொன்னேன்: வேலைக்குப் போவேன், அந்த மெஷினுக்கு மட்டும் இல்லை. போர்மேனிடமும் அதையே சொன்னேன். "சரி தம்பி, இன்ஸ்பெக்‌ஷன்ல உட்காரு" என்றார். இப்போது வெர்னியர் என்ற அளவுகோலைப் பிடித்து உதிரிபாகங்களின் அளவு பார்க்கிறேன், நடுவிரல் பழகிக்கொண்டது.

பணம் பற்றிக் கேட்டவர்களுக்கு: வேலைக்குப் போகாத நாட்களுக்கு இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) தற்காலிக ஊன உதவித்தொகை, சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் வந்தது. சாதாரண நோய்க்கு 70தான். அதனால் கம்பெனியிலிருந்து இ.எஸ்.ஐ.க்கு விபத்து அறிக்கை போனதா என்று முதல் வாரமே கேட்டுவிடுங்கள். அப்புறம், வேலைக்குத் திரும்பினாலும் நிரந்தர ஊன உதவித்தொகை உண்டு. ஆள்காட்டி விரலில் இரண்டு கணுவுக்குச் சட்ட அட்டவணையில் சம்பாதிக்கும் திறன் இழப்பு 11 சதவீதம். எனக்கு அந்த இழப்பை மதிப்பிடும் மெடிக்கல் போர்டு அடுத்த மாதம்.