டிஸ்லெக்சியா இருக்குற பையனுக்கு ஆறாவது அட்மிஷன், திருச்சி பக்கம் எந்த மாதிரி ஸ்கூல் பாக்கலாம்?

மலைக்கோட்டை அம்மா:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமாத்தான் எழுதப்போறேன் பொறுத்துக்கோங்க. பையன் இப்ப அஞ்சாவது. அவன் படிக்கிறது நர்சரி அண்ட் பிரைமரி, அஞ்சோட முடிஞ்சிடும், அதனால ஆறாவதுக்கு வேற ஸ்கூல் பாத்தே ஆகணும். மூணாவதுலயே எனக்கு டவுட்டு, வாயில கேட்டா எல்லாம் டாண்ணு சொல்றான், பேப்பர்ல ஒண்ணும் இருக்காது. ராக்கெட் ஏன் கீழ நெருப்பு விட்டு மேல போகுதுன்னு அரை மணி நேரம் பேசுவான், எழுதச் சொன்னா "ராகெட". புள்ளி எல்லாம் எங்கயோ போயிடும். ஒத்தக்கொம்பு ரெட்டக்கொம்பு இன்னும் தகராறுதான், கொம்ப முன்னாடி எழுதிட்டு சத்தத்த ஏன் பின்னாடி சொல்றோம்னு என்னையே கேக்குறான், எனக்கும் பதில் தெரியல!! இங்கிலீஷ் பத்தி கேக்கவே வேணாம்.

போன வருஷம் சைக்காலஜிஸ்ட் கிட்ட டெஸ்ட் எடுத்தோம், ஐக்யூ நல்லாவே இருக்கு, டிஸ்லெக்சியான்னு (புத்தி நல்லா இருந்தும் படிக்க எழுத மட்டும் கஷ்டம்) ரிப்போர்ட் குடுத்தாங்க. இப்ப மூணு ஸ்கூல் ஏறி இறங்கிட்டேன். ஒரு சிபிஎஸ்இல என்ட்ரன்ஸ் டெஸ்ட் வெச்சு "எங்க ஸ்டாண்டர்டுக்கு பையன் கஷ்டப்படுவான் மேடம்"னு சிரிச்சுக்கிட்டே அனுப்பிட்டாங்க. ஒரு மெட்ரிக்ல "அதெல்லாம் ஒரு வியாதியே இல்ல, எழுத வெச்சு எழுத வெச்சு சரி பண்ணிடுவோம்"னாங்க. மூணாவது ஒண்ணு புதுசு, ஸ்பெஷல் எஜுகேட்டர் (இந்த மாதிரி பசங்களுக்குன்னே ட்ரெயினிங் எடுத்த டீச்சர்) இருக்காங்க, அதுக்கு தனியா வருஷத்துக்கு நாப்பதாயிரமாம். வீட்டுக்காரர் மெட்ரிக்கே போதும்ங்கிறார், மாமியார் "உங்க மாமாவும் சின்ன வயசுல இப்படித்தான், சோம்பேறி"ங்கிறாங்க. எந்த போர்டு நல்லது? அட்மிஷன் அப்ப ரிப்போர்ட்ட காட்டுறதா மறைக்கிறதா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

வேளச்சேரி வசந்தி:

சிஸ், உங்க போஸ்ட்ட படிச்சதும் ஏழு வருஷம் முன்னாடி நான் எழுதுன மாதிரியே இருந்துச்சு. என் பொண்ணு இப்ப காலேஜ்.

முதல்ல மறைக்காதீங்க. நான் மறைச்சேன், ஆறாவது ஜூன்ல சேத்தோம், ஆகஸ்ட்ல கூப்பிட்டு "ஏன் சொல்லல"ன்னு என்னையே குத்தவாளி ஆக்கிட்டாங்க, அதுக்கப்புறம் எது கேட்டாலும் அந்த ஒரு பேச்சுதான். சொல்லி சீட் குடுக்காத ஸ்கூல், சொல்லாம சேத்தாலும் புள்ளைய நல்லா வெச்சுக்காது.

அந்த என்ட்ரன்ஸ் டெஸ்ட் விஷயம், 2009 கல்வி உரிமைச் சட்டத்துல எட்டாவது வரைக்கும் அட்மிஷனுக்கு புள்ளைய டெஸ்ட் வெச்சு வடிகட்டவே கூடாதுன்னு இருக்கு, முதல் தடவைக்கு இருபத்தஞ்சாயிரம் வரை அபராதம் கூட உண்டு (மைனாரிட்டி ஸ்கூலுக்கு மட்டும் அந்தச் சட்டம் பொருந்தாது). ஆனா சண்டை போட்டு வாங்குன சீட்ல புள்ளைய உக்கார வெக்கணுமான்னு யோசிங்க, நான் போடல.

ரிப்போர்ட் வேற, சர்டிபிகேட் வேற. இத யாரும் சொல்ல மாட்டாங்க. பிரைவேட் சைக்காலஜிஸ்ட் குடுக்குறது ஸ்கூல் அளவுல உதவும், பப்ளிக் எக்ஸாம்ல சலுகைக்கு அரசு ஆஸ்பத்திரி மெடிக்கல் போர்டு வழியா போறதுதான் பின்னாடி தலைவலி இல்லாதது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துலதான் கற்றல் குறைபாட்ட (டிஸ்லெக்சியா அதுல ஒண்ணு) 21 வகை மாற்றுத்திறனாளிகள் பட்டியல்ல சேத்தாங்க, யுடிஐடி கார்டும் (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) வாங்கலாம். எட்டு வயசுக்கு மேலதான் சர்டிபிகேட் தருவாங்க, 14 வயசுலயும் 18 வயசுலயும் திரும்ப டெஸ்ட் எடுக்கணும், அந்த 14 சரியா ஒன்பதாவது பக்கம் வரும், மறந்துடாதீங்க. கண்ணு, காது டெஸ்ட் முன்னாடியே எடுத்து வெச்சுக்கோங்க, இல்லன்னா அதுக்கு ஒரு நாள் அலைய விடுவாங்க. கார்டு வாங்கினா பேர் கெட்டுடும்னு எங்க வீட்லயும் சொன்னாங்க, யாரு கேக்குறா இப்ப.

சாக்பீஸ் சார்:

அம்மா, நான் மெட்ரிக் பள்ளியில் சயின்ஸ் எடுத்து ரிட்டையர் ஆனவன். 26 வருஷம். எங்க ஆளுங்க மேலயே குறை சொல்ற மாதிரி இருக்கும், இருந்தாலும் சொல்றேன்.

போர்டுங்கிறது ரெண்டாவது கேள்வி. மெட்ரிக்னு பேர்தான் தனி, பத்தாவதுல எழுதுறது ஸ்டேட் போர்டு பரீட்சைதான், அங்க டிஸ்லெக்சியா பசங்களுக்கு ஒரு மொழிப்பாடத்துல விலக்கு, சொல்றத எழுத ஆள், ஒரு மணி நேரம் கூடுதல் எல்லாம் உண்டு. சிபிஎஸ்இல ரெண்டு மொழிக்கு பதிலா ஒண்ணு போதும், கூட நாலு பாடம், அதுல கணக்கு சயின்ஸ விட்டுட்டு பெயிண்டிங், மியூசிக், ஹோம் சயின்ஸ்னு எடுக்கக்கூட வழி இருக்கு, மூணு மணி நேரப் பரீட்சைக்கு ஒரு மணி நேரம் எக்ஸ்ட்ரா. பேப்பர்ல ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு. ஆனா விண்ணப்பத்த அனுப்ப வேண்டியது யாரு? ஸ்கூல். ஹெட்மாஸ்டர் நேரத்துக்கு அனுப்பலன்னா அந்தச் சலுகை இருந்து என்ன பிரயோஜனம்.

எங்க பள்ளியில நடந்தத சொல்றேன். நூறு பர்சென்ட் ரிசல்ட்னு வாசல்ல பேனர் கட்டணும். எட்டாவது வரைக்கும் எல்லாப் புள்ளையும் செல்லம்தான், பீஸ் வருது. ஒன்பதாவது அரையாண்டு முடிஞ்சதும் பெத்தவங்கள கூப்பிட்டு "டிசி வாங்கிக்கோங்க, பையனுக்கு ப்ரெஷர் வேணாம்"னு அக்கறையா பேசுவாங்க. அப்படி அனுப்புன பசங்கள்ல நாலஞ்சு பேரோட முகம் இன்னும் ஞாபகம் இருக்கு, அன்னைக்கு நானும் வாயத் திறக்கல.

அதனால நீங்க பள்ளிக்கூடத்துல போய் "ஸ்பெஷல் எஜுகேட்டர் இருக்காங்களா"ன்னு மட்டும் கேக்காதீங்க, எல்லாரும் இருக்குன்னுதான் சொல்லுவாங்க. போன ரெண்டு வருஷத்துல சலுகையோட எத்தன பேர் பத்தாவது எழுதுனாங்கன்னு கேளுங்க. ஒருத்தரும் இல்லன்னா, ஒண்ணு அப்படிப் புள்ளையே சேக்கல, இல்ல ஒன்பதாவதுல அனுப்பிட்டாங்கன்னு அர்த்தம். அப்புறம் ஸ்பெல்லிங் தப்புக்கு சயின்ஸ்லயும் சோஷியல்லயும் மார்க் குறைப்பாங்களான்னு கேளுங்க. ஒளிச்சேர்க்கைன்னா என்னன்னு புரிஞ்சு எழுதுன பையன் ஒரு எழுத்த மாத்திப் போட்டான்னு நானே பாதி மார்க் போட்டிருக்கேன், புத்தி வர்றதுக்கு பத்து வருஷம் ஆச்சு.

"எழுத வெச்சு சரி பண்ணிடுவோம்"னு சொன்ன இடத்துக்கு மட்டும் அனுப்பாதீங்க. அவன் இம்போசிஷன் எழுதியே தேஞ்சு போவான்.

பரோட்டா மாஸ்டர் இல்ல செஃப்:

நானே டிஸ்லெக்சியாதாங்க. வயசு 27, ஒரு ஹோட்டல்ல பேக்கரி செக்ஷன். வாய்ஸ் டைப்பிங்ல எழுதுறேன், தப்பு இருந்தா போனத் திட்டுங்க.

என்னைய கேட்டா ஸ்கூல்ல எனக்கு ரொம்ப வலிச்சது பரீட்சை இல்ல, வரிசையா எந்திரிச்சு ஆளுக்கு ஒரு பாரா படிக்கச் சொல்லுவாங்கல்ல அதுதான், எனக்கு எந்த பாரா வரும்னு முன்னாடியே எண்ணி வெச்சு அத மட்டும் மனப்பாடம் பண்ணுவேன், நடுவுல ஒருத்தன் லீவுன்னா போச்சு கணக்கே தப்பிடும் 😂 இப்ப சிரிக்கிறேன், அன்னைக்கு வயித்து வலின்னு பொய் சொல்லி பாத்ரூம்ல நின்னுருக்கேன். ஆறாவதுலேந்து இது எல்லா பீரியட்லயும் வரும், அதயும் கேட்டு வைங்கக்கா.

நான் ஒன்பதாவதுல டிசி வாங்குனவன்தான், சார் சொன்ன அதே கதை. அப்புறம் என்ஐஓஎஸ்ல, அதான் மத்திய அரசோட ஓபன் ஸ்கூல், பத்தாவது முடிச்சேன். அஞ்சு பாடம், மொழி ஒண்ணு போதும், நான் பெயிண்டிங், ஹோம் சயின்ஸ், டேட்டா என்ட்ரி எடுத்தேன். எல்லாத்தையும் ஒரே தடவையில எழுத வேணாம், அஞ்சு வருஷத்துல 9 சான்ஸ், ரெண்டு ரெண்டா எழுதி முடிச்சேன், அதுக்கப்புறம் கேட்டரிங். அதனால இப்பவே என்ஐஓஎஸ் சொல்லித்தர்ற சென்டர்ல சேத்துடுங்க, எதுக்கு ஸ்கூல் ஸ்கூலா அலையணும்?

சாக்பீஸ் சார்:

தம்பி, நீ ஜெயிச்சது சந்தோஷம். ஆனா பையனுக்கு பத்து வயசுதான், என்ஐஓஎஸ் பத்தாவதுக்கு 14 முடியணும். அதுவரைக்கும் கூட வெளையாட நாலு பேர் வேணாமா? அந்தக் கதவு எங்கயும் போகாது, ஒன்பதாவதுல பாத்துக்கலாம்.

பரோட்டா மாஸ்டர் இல்ல செஃப்:

அதுவும் கரெக்டுதான் சார். எனக்கு அந்த மூணு வருஷம் பிரண்டுன்னு ஒருத்தனும் இல்ல.

வேளச்சேரி வசந்தி:

இன்னொண்ணு விட்டுட்டேன். சொல்றத எழுத ஆள் தருவாங்கன்னு பத்தாவதுல போய் முதல் தடவையா உக்கார வெச்சா புள்ளைக்கு வாயே வராது. வரிய முழுசா யோசிச்சு, கமா எங்க, அடுத்த பாரா எங்கன்னு சொல்லிச் சொல்லி எழுத வெக்கிறதே தனி பழக்கம். என் பொண்ணு எட்டாவதுலேந்து யூனிட் டெஸ்ட்லயே அப்படி எழுதுனா. அந்த ஸ்கூல் யூனிட் டெஸ்டுக்கே ஆள் விடுமான்னு கேளுங்க, நாப்பதாயிரம் குடுக்குறதுக்கு அதாவது நடக்கணும். சென்னை வர முடிஞ்சா தி.நகர்ல மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன்ல ஒரு தடவ பேசிப் பாருங்க, டீச்சர்களுக்கு ட்ரெயினிங் குடுக்குறவங்க, உங்க ஊர்ல யாராவது அங்க படிச்ச டீச்சர் இருக்காங்களான்னு கேக்கலாம்.

மலைக்கோட்டை அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, லேட்டா வர்றேன், வீட்ல ஒரே அலைச்சல்.

அந்த மூணாவது ஸ்கூலுக்கு நேத்து திரும்பப் போனேன், சும்மா இல்ல, நீங்க சொன்ன கேள்வியெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிட்டு. ஸ்பெஷல் எஜுகேட்டர பாக்கணும்னேன், அவங்க செவ்வாய் வெள்ளி மட்டும்தான் வருவாங்களாம்! ஆறுலேந்து பத்து வரைக்கும் ஒரே ஆள். பத்தாவது இன்னும் ஒரு பேட்ச் கூட வெளிய வரல. ஆபீஸ்ல பேசுனவங்களுக்கு ஸ்பெல்லிங் கேள்வி புரியவே இல்ல.

வர்ற வழியில வீட்டுக்குப் பக்கத்துல ஒரு சின்ன மெட்ரிக், பெயிண்ட் கூட ஒழுங்கா இல்ல, சும்மா நுழைஞ்சேன். எச்எம்மே வந்து பேசுனாங்க. தனி ஸ்டாப் எல்லாம் இல்லம்மான்னு நேரா சொல்லிட்டாங்க, ஆனா போன வருஷம் ஒரு பொண்ணு ஒரு மணி நேரம் எக்ஸ்ட்ரா வாங்கி பத்தாவது எழுதுனா, அப்ளிகேஷன நானே கொண்டு போய்க் குடுத்தேன்னாங்க. நோட்ஸ் எழுத முடியலன்னா ஜெராக்ஸ் எடுத்துக்கட்டும்னாங்க. சத்தமா படிக்கிறத பத்திக் கேட்டதும் கொஞ்சம் யோசிச்சு "தமிழ் மேடம் கிட்ட நான் பேசுறேன், அவங்க கொஞ்சம் பழைய ஆளு"ன்னாங்க.

பையன வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க, டெஸ்ட் இல்லையாம், சும்மா பேசத்தானாம். ராக்கெட் பத்தி ஆரம்பிக்காம இருக்கணும், எச்எம்முக்கு சாப்பாட்டு பெல் அடிச்சாலும் விட மாட்டான்.

சர்டிபிகேட்டுக்கு ஜிஎச்ல எந்த நாள் போகணும்னு இங்க திருச்சிக்காரங்க யாராவது சொல்லுங்க.